மொபைலில் பக்கம் ஏன் உடைகிறது? தமிழ்த் தளங்களுக்கான ரெஸ்பான்சிவ் அடிப்படைகள்

தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். ஒரு வரிகூட இல்லாமல், தலைப்பும் பத்திகளும் மட்டும் வைத்து ஒரு எச்.டி.எம்.எல். (வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் குறிமொழி) பக்கம் செய்து பிரவுசரில் திறந்து பாருங்கள். ஜன்னலைச் சுருக்கினால் எழுத்து தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும். விரித்தால் விரியும். எந்தத் திரையிலும் அந்தப் பக்கம் உடையாது. உடைவது எப்போது என்றால், நாம் உள்ளே புகுந்து "இந்தப் பெட்டி 1200 பிக்சல்", "இந்தப் பட்டன் 40 பிக்சல் உயரம்" என்று அளவுகளை இறுக்கிக் கட்டும்போதுதான். அதனால் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பை, அதாவது எந்தத் திரைக்கும் ஏற்பப் பக்கம் மாறிக்கொள்ளும்படி செய்வதைக் கற்பதில் பாதி வேலை, எந்த அளவை இறுக்கலாம், எதை இளக்கமாக விடவேண்டும் என்று தெரிந்துகொள்வது.

ரெஸ்பான்சிவ் என்ற இந்தப் பெயரை வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் 2010இல் முன்வைத்தார். இளகும் கட்டம், இளகும் படம், திரையின் அகலத்தைக் கேட்டு விதிகளை மாற்றும் மீடியா குவெரி என்று மூன்று பொருள்களை அவர் சொன்னார். அந்த மூன்றும் இன்றும் அடித்தளம்தான், கருவிகள் மட்டும் மேம்பட்டுவிட்டன. இந்தக் கட்டுரையில் ஒரு சாதாரணத் தமிழ்ச் செய்திப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்: மேலே மெனு, இடப்பக்கம் கட்டுரை, வலப்பக்கம் "அதிகம் படித்தவை" பத்தி (இனி பத்தி என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட நெடுவரிசை), கீழே செய்தி அட்டைகள். அதை மேசைக் கணினிக்கு மட்டும் செய்திருக்கிறார்கள். மொபைலில் சரிசெய்ய வேண்டும். இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கும் கட்டளைகளை உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

பிக்சல் என்றால் எந்தப் பிக்சல்?

ஒரு போனின் விளம்பரத்தில் 1080 × 2400 என்று போட்டிருக்கும். இன்னொரு மலிவான போனில் 720 × 1600. முதல் போனில் இரண்டாவதைவிட அகலமாகப் பக்கம் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சி.எஸ்.எஸ். பார்க்கும் பிக்சல் வேறு, திரையில் உள்ள புள்ளிகள் வேறு. முதல் போனில் ஒரு சி.எஸ்.எஸ். பிக்சலுக்கு 3 × 3 புள்ளிகள் என்றும், இரண்டாவதில் 2 × 2 என்றும் இருந்தால், இரண்டுக்கும் அகலம் 360 பிக்சல்தான், உயரம் 800தான். அதே 1080 புள்ளி அகலம் உள்ள வேறு போன்கள் 2.75 என்ற விகிதத்தில் 393 என்றும், 2.625 என்ற விகிதத்தில் 411 என்றும் சொல்லும். ஆண்ட்ராய்டில் பயனர் "டிஸ்ப்ளே சைஸ்" அமைப்பை மாற்றினால் அதே போனின் அகலமே மாறிவிடும். ஆகவே "எந்தெந்தப் போனுக்கு எத்தனை பிக்சல்" என்று பட்டியல் போட்டு வேலை செய்ய முடியாது. அந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை.

வேறு எதையும் செய்வதற்கு முன்னால் ஒரு வரியை எச்.டி.எம்.எல். தலைப்பகுதியில் சேர்த்தாக வேண்டும். மெட்டா வியூபோர்ட் என்ற அந்த வரியின் உள்ளடக்கம் இது:

விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1

இது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் "இது பழைய மேசைக்கணினிப் பக்கம்" என்று முடிவு கட்டி, 980 பிக்சல் அகலத் திரை இருப்பதாகப் பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு அதை மொத்தமாகச் சுருக்கிக் காட்டும். ஐபோன் 2007இல் வந்தபோது, மேசைக் கணினிக்குச் செய்த தளங்களைச் சின்னத் திரையில் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு இது. நீங்கள் எழுதிய மீடியா குவெரி எதுவும் மொபைலில் வேலை செய்யவில்லை, எழுத்தெல்லாம் எறும்பளவு தெரிகிறது என்றால், முதலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் இதோடு பயனர் விரித்துப் பார்ப்பதைத் தடுக்கும் "யூசர்-ஸ்கேலபிள்=நோ" என்பதையும் சேர்க்கிறார்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். பார்வை மங்கியவர்களுக்கு விரல்களால் விரித்துப் படிப்பதுதான் கடைசி வழி.

அகலத்தை இளக்குவது

நம் பக்கத்தின் வெளிப்பெட்டிக்கு "விட்த்: 1200 பிக்சல்" என்று இருக்கிறது. 360 பிக்சல் திரையில் மீதி 840 பிக்சல் வலப்பக்கம் வெளியே நிற்கும். படிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். திருத்தம் எளிது:

மேக்ஸ்-விட்த்: 75ரெம்; மார்ஜின்-இன்லைன்: ஆட்டோ; பேடிங்-இன்லைன்: 1ரெம்;

மேக்ஸ்-விட்த் என்பது உச்சவரம்பு. இடம் இருந்தால் 75 ரெம் வரை போகும், இல்லையென்றால் திரையோடு சுருங்கும். ரெம் என்பது பயனர் பிரவுசரில் வைத்திருக்கும் அடிப்படை எழுத்தளவு. வழக்கமாக அது 16 பிக்சல், ஆக 75 ரெம் என்றால் 1200 பிக்சல். பயனர் அதை 20 ஆக்கினால் ரெம்மில் சொன்ன அளவுகள் எல்லாம் சேர்ந்து வளரும். பிக்சலில் சொன்னவை வளராமல் நின்றுவிடும்.

இதோடு கோப்பின் தொடக்கத்தில் எல்லா உறுப்புகளுக்கும் "பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்" போடுங்கள். இயல்பான கணக்கில் நீங்கள் சொல்லும் அகலத்துக்கு வெளியேதான் பேடிங்கும் (பெட்டியின் உள்ளோர இடைவெளி) பார்டரும் (ஓரக்கோடு) சேரும். 100% அகலம் கொடுத்து இருபுறமும் 16 பிக்சல் பேடிங் வைத்தால் பெட்டி 32 பிக்சல் கூடுதலாகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளீட்டுப் பெட்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். பார்டர்-பாக்ஸ் போட்டால் எல்லாம் அந்த 100%க்குள் அடங்கிவிடும்.

படங்களுக்கு இரண்டு கட்டளைகள்: "மேக்ஸ்-விட்த்: 100%" மற்றும் "ஹைட்: ஆட்டோ". இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் முகங்கள் நீண்டு தெரிகின்றன. படத்தின் எச்.டி.எம்.எல். குறியில் அகலம் 1200, உயரம் 800 என்று எழுதியிருக்கும்போது, சி.எஸ்.எஸ். அகலத்தை மட்டும் 328க்குக் குறைத்தால் உயரம் 800லேயே நிற்கும். அதற்காக அந்த அகல உயர எண்களை நீக்கிவிடாதீர்கள். படம் இறங்குவதற்கு முன்பே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று பிரவுசர் அந்த விகிதத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அது இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது படித்துக்கொண்டிருந்த வரி கீழே துள்ளிப் போகும்.

எடையையும் கவனிக்க வேண்டும். 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 விட்டால் படத்துக்கு மிஞ்சுவது 328. அடர்த்தி மூன்று மடங்கு உள்ள போனுக்கும் 984 புள்ளி அகலப் படம் போதும். அதற்கு 4000 புள்ளிப் படத்தை அனுப்புவது படிப்பவரின் டேட்டாவை வீணாக்குவது. ஒரே படத்தை 480, 960, 1440 அகலங்களில் சேமித்து, "எஸ்ஆர்சிசெட்" பண்பில் மூன்றையும், "சைசஸ்" பண்பில் படம் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டால், தேவையானதைப் பிரவுசரே தேர்ந்துகொள்ளும். சைசஸ் எழுத மறந்தால் படம் முழுத்திரை அகலத்துக்கு வரும் என்று பிரவுசர் கருதிக்கொண்டு பெரியதைத் தேர்ந்தெடுக்கும்.

இரண்டு பத்தியை எங்கே ஒன்றாக்குவது

இதுதான் மீடியா குவெரியின் வேலை. சின்னத் திரைக்கு முதலில் எழுதி, இடம் கிடைக்கும்போது பத்திகளைக் கூட்டுவது சுலபம். அடிப்படை விதியில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும், அதற்கு நீங்கள் ஒன்றுமே எழுத வேண்டாம். பிறகு:

@மீடியா (மின்-விட்த்: 56எம்) { டிஸ்ப்ளே: கிரிட்; கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) 18ரெம்; கேப்: 2ரெம்; }

அடைப்புக்குள் இருப்பதை உங்கள் வெளிப்பெட்டியின் வகுப்புப் பெயருக்குள் எழுத வேண்டும். கிரிட் என்பது பெட்டிக்குள் பத்திகளை அடுக்கும் முறை, 1எஃப்ஆர் என்பது மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு, கேப் என்பது நடு இடைவெளி. மீடியா குவெரிக்குள் எம் என்றாலும் ரெம் என்றாலும் ஒரே அளவுதான். 56 எப்படி வந்தது? கட்டுரைப் பத்தி 34 ரெம்முக்குக் கீழே போனால் பக்கவாட்டுப் பத்தியோடு சேர்ந்து நெரிசலாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டுப் பத்திக்கு 18. இடைவெளி 2. வெளிப்பெட்டியின் பேடிங் இரண்டு புறமும் சேர்த்து 2. மொத்தம் 56, அதாவது 896 பிக்சல். அதற்குக் கீழே இரண்டு பத்தி வைத்தால் நெருக்கும், அதற்கு மேலே தாராளமாக உட்காரும். மாறும் இடத்தை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: உங்கள் உள்ளடக்கத்தைக் கூட்டிப் பார்த்து.

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் 768 என்று ஒரு எண் பரவலாக இருக்கும். ஐபேடின் பழைய அகலம் அது. அந்த டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழ் போட்டால், 768இல் மெனு முட்டிக்கொள்ளும். "ஸ்போர்ட்ஸ்" என்பதன் ஆங்கில எழுத்துகள் பிடிக்கும் இடத்தைவிட "விளையாட்டு" அதிக இடம் பிடிக்கும். "தொடர்புக்கு", "வாழ்க்கைமுறை", "அறிவியல்" எல்லாம் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஒரே வரியில் நின்ற மெனு தமிழில் இரண்டாக மடிந்து, கீழே இருக்கும் படத்தின் மேல் ஏறி உட்காரும். டெம்ப்ளேட்டில் தவறில்லை. அது வேறு சொற்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. உங்கள் சொற்களைப் போட்டு, ஜன்னலை மெல்ல மெல்லச் சுருக்கி, முட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாறும் புள்ளியை வையுங்கள். மெனுவுக்கு ஒன்று, பத்திக்கு வேறு ஒன்று என்று இருப்பதில் தவறே இல்லை. ஆறேழு தலைப்புகள் மட்டும் உள்ள மெனுவுக்கு மூன்று கோடு பட்டன்கூடத் தேவையில்லை: உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் முறையில் "ஃப்ளெக்ஸ்-ராப்: ராப்" போட்டு மடிய விடலாம், அல்லது "ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ" போட்டு விரலால் தள்ளும் பட்டையாக்கலாம். மறைத்து வைத்த மெனுவைவிடக் கண்ணுக்குத் தெரியும் மெனு நல்லது.

மீடியா குவெரி வேலை செய்யாததற்கு மெட்டா வரிக்கு அடுத்த காரணம், வரிசை. மீடியா குவெரிக்குள் எழுதுவதால் ஒரு விதிக்குக் கூடுதல் பலம் வருவதில்லை. அதை மேலே எழுதிவிட்டு, அதே உறுப்புக்கான அடிப்படை விதியைக் கீழே எழுதினால் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். ஆகவே அடிப்படை முதலில், மின்-விட்த் விதிகள் சிறியதிலிருந்து பெரியதாகப் பிறகு. ஒரே கோப்பில் "மேக்ஸ்-விட்த்: 768பிக்சல்", "மின்-விட்த்: 768பிக்சல்" இரண்டையும் கலந்தால், சரியாக 768இல் இரண்டும் சேர்ந்து பாயும். ஒரு திசையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

கீழே இருக்கும் செய்தி அட்டைகளுக்கு மீடியா குவெரியே வேண்டாம்:

கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிபீட்(ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்(மின்(100%, 16ரெம்), 1எஃப்ஆர்)); கேப்: 1ரெம்;

ஒவ்வோர் அட்டையும் குறைந்தது 16 ரெம், அதாவது 256 பிக்சல் இருக்கட்டும், எத்தனை அடங்குமோ அத்தனை வை என்று இதற்குப் பொருள். 360 திரையில் மிஞ்சும் 328இல் ஒன்று. 600 திரையில் 568 மிஞ்சும், இரண்டு அட்டைக்கும் இடைவெளிக்கும் 528 போதும் என்பதால் இரண்டு. 896இல் மூன்று. 1200இல் நான்கு. உள்ளே இருக்கும் "மின்(100%, 16ரெம்)" எதற்கு என்றால், அட்டைகளை 256க்கும் குறுகிய இடத்தில் வைக்க நேர்ந்தாலும் அவை வெளியே நீட்டாமல் இருப்பதற்கு.

கிரிட்டிலும் ஃப்ளெக்ஸிலும் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெறும் 1எஃப்ஆர் என்று எழுதினால், அந்தப் பத்தி தன் உள்ளே இருக்கும் மிக நீளமான உடைக்க முடியாத பொருளைவிடச் சிறிதாகாது. உள்ளே ஒரு நீண்ட இணைய முகவரியோ, அகலமான அட்டவணையோ இருந்தால் பத்தி முழுவதும் அதற்கு ஏற்ப வீங்கி, பக்கத்தையே தள்ளிவிடும். மேலே மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதியது அதற்காகத்தான்: குறைந்தபட்சம் பூஜ்ஜியம் வரை சுருங்கலாம் என்று அனுமதி கொடுக்கிறோம். ஃப்ளெக்ஸில் இதே வேலையை உறுப்புக்கு "மின்-விட்த்: 0" கொடுத்துச் செய்யலாம்.

திரையின் அகலத்தைக் கேட்காமல், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தைக் கேட்டு ஓர் அட்டை மாறுவதும் இப்போது முடியும். கன்டெய்னர் குவெரி என்று பெயர். குரோமும் சஃபாரியும் 2022இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2023 தொடக்கத்திலும் இதை ஏற்றன. ஒரே அட்டையைக் கட்டுரைப் பத்தியிலும் பக்கவாட்டுப் பத்தியிலும் வைக்கும் தளங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் முதலில் மேலே சொன்னவை கைவரட்டும்.

தமிழ் எழுத்து கேட்கும் தனிக் கவனம்

தமிழில் ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து சொல் நீளும். "ஒருங்கிணைக்கப்பட்டிருக்கின்றது" என்பதில் 17 எழுத்துகள், நடுவே ஓர் இடைவெளி இல்லை. ஓர் எழுத்துக்குச் சராசரியாக எழுத்தளவில் முக்கால் பங்கு அகலம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 32 பிக்சல் தலைப்பில் இந்தச் சொல்லுக்கு மட்டும் 408 பிக்சல் வேண்டும். நம்மிடம் இருப்பது 328. சொல் வெளியே ஓடும், அல்லது வெட்டுப்படும்.

முதல் மருந்து, தலைப்பின் அளவைத் திரையோடு மாற விடுவது:

ஃபான்ட்-சைஸ்: கிளாம்ப்(1.5ரெம், 1.1ரெம் + 1.8விடபிள்யூ, 2.25ரெம்);

கிளாம்ப்புக்குள் இருப்பவை வரிசையாகக் குறைந்தபட்ச அளவு, விரும்பும் அளவு, உச்ச அளவு. விடபிள்யூ என்பது திரை அகலத்தில் நூறில் ஒரு பங்கு. 360இல் இந்தக் கணக்கு 24 பிக்சல் தருகிறது, ஏறக்குறைய 1022 அகலத்தில் 36ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. 24இல் அந்த 17 எழுத்துச் சொல்லுக்கு 306 போதும், அடங்கிவிடும். நடுவில் ரெம்மைச் சேர்க்காமல் வெறும் விடபிள்யூவில் எழுதாதீர்கள். பயனர் பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் விடபிள்யூவில் சொன்னது பெரிதாகாது.

320 பிக்சல் திரையில் மிஞ்சுவது 288தான், 306 அதில் அடங்காது. அதற்கு இரண்டாவது மருந்து: "ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்". வேறு வழியே இல்லாதபோது மட்டும் சொல்லை நடுவில் உடைக்கும். இதற்குப் பதில் "வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்" போட்டுவிடாதீர்கள். அது தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி முடிவில் வரும் எந்தச் சொல்லையும் உடைத்துத் தள்ளும். எனிவேர் போட்டாலும் ஒரு குறை உண்டு. பிரவுசர் "கொ"வைப் பிய்க்காது, ஆனால் புள்ளி எழுத்தை அடுத்த வரியின் தலையில் வைத்துவிடும். "க்கின்றது" என்று ஒரு வரி தொடங்கினால் கண்ணை உறுத்தும். முக்கியமான தலைப்புகளில் "ஒருங்கிணைக்கப்" என்பதற்குப் பின், இங்கே உடைக்கலாம் என்று காட்டும் எச்.டி.எம்.எல்.லின் டபிள்யூபிஆர் குறியை நீங்களே இட்டுவிட்டால், உடையவேண்டி வந்தால் அந்த இடத்தில் அழகாக உடையும். எனிவேரை அட்டவணைக் கட்டங்களுக்குள் மட்டும் போடாதீர்கள், பத்தி ஓர் எழுத்து அகலத்துக்குச் சுருங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அங்கே "பிரேக்-வேர்ட்" என்ற மதிப்பு போதும்.

கட்டுரை எழுத்தை மொபைலில் 17 அல்லது 18 பிக்சல் வைத்தால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் வரும். அந்த நிலையில் இரு ஓரமும் சீராக இருக்கவேண்டும் என்று "டெக்ஸ்ட்-அலைன்: ஜஸ்டிஃபை" போட்டால், மூன்று சொற்களை வைத்து வரியை நிரப்பப் பிரவுசர் நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விடும். பல தமிழ்த் தளங்களில் படிக்கும் சுகத்தைக் கெடுப்பது இந்த ஒரு வரிதான். மொபைலில் இடப்பக்கச் சீர்மை மட்டும் போதும்.

வரி உயரத்தை 1.6 முதல் 1.8 வரை வையுங்கள், பிக்சலில் வைக்காமல் வெறும் எண்ணாக. "கீ", "டீ" போன்றவை மேலே எழும்பும், "சூ", "ளூ" போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த 1.2 உயரத்தில் மேல்வரியில் கீழே இறங்குவதும் கீழ்வரியில் மேலே எழும்புவதும் மோதும். இதே காரணத்தால் பட்டனுக்கு "ஹைட்: 40பிக்சல்" என்று கொடுத்து "ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்" போட்டிருந்தால், "உறுப்பினராகச் சேருங்கள்" இரண்டு வரியாக மடியும்போது அடிவரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். உயரத்தைக் கட்டாதீர்கள். "மின்-ஹைட்" கொடுத்து, மேலும் கீழும் பேடிங் வைத்தால் பட்டன் சொல்லோடு வளரும்.

இன்னொன்று, தமிழ் எழுத்துருவை நீங்களே அனுப்பாவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன்னுடையதைப் போடும். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒரே 16 பிக்சலில் ஒரே சொல் மூன்றிலும் மூன்று அகலம். உங்கள் லேப்டாப்பில் மயிரிழையில் அடங்கிய மெனு இன்னொருவர் போனில் மடிவதற்கு இது போதும். அளவு பார்க்கும்போது எப்போதும் பத்து சதவீதமாவது கையிருப்பு விடுங்கள். வரி நீளத்தைக் கட்டுப்படுத்த ஆங்கிலக் கட்டுரைகள் சொல்லும் சி.எச். அலகையும் அப்படியே நம்பவேண்டாம். அது பூஜ்ஜியம் என்ற எண்ணின் அகலத்தை வைத்து அளப்பது, "ணை" அதைவிடப் பல மடங்கு அகலம். கட்டுரைக்கு "மேக்ஸ்-விட்த்: 42ரெம்" போன்ற அளவு தமிழுக்கு நன்றாகப் பொருந்தும்.

பக்கம் வலப்பக்கம் நகர்கிறது என்றால்

எல்லாம் செய்த பிறகும் மொபைலில் பக்கம் லேசாகப் பக்கவாட்டில் ஆடும், வலப்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். ஏதோ ஓர் உறுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே பாடிக்கு (முழுப் பக்கத்தையும் தாங்கும் உறுப்பு) "ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன்" போட்டு மூடிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நோய் அப்படியே இருக்கும், நீட்டிய பகுதியில் இருந்த எழுத்து யாருக்கும் தெரியாமல் போகும். அதை ஏதாவது உள்பெட்டிக்குப் போட்டால், அதற்குள் ஸ்டிக்கியாக (பக்கத்தை நகர்த்தினாலும் மேலே ஒட்டி நிற்கும்படி) வைத்த மெனுவும் ஒட்டாமல் நின்றுபோகும்.

குற்றவாளியைப் பிடிக்க, தற்காலிகமாக எல்லா உறுப்புகளுக்கும் "அவுட்லைன்: 1பிக்சல் சாலிட் ரெட்" போடுங்கள். அவுட்லைன் இடம் எடுத்துக்கொள்ளாது என்பதால் லேஅவுட் மாறாது, ஆனால் திரையைத் தாண்டி ஓடும் சிவப்புக் கோடு எந்தப் பெட்டியுடையது என்று தெரிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸின் டெவலப்பர் கருவி, நகரும் உறுப்பின் பக்கத்தில் "ஸ்க்ரோல்" என்று முத்திரை காட்டும். அதைச் சொடுக்கினால் காரணமான குழந்தை உறுப்பையும் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் பிடிபடுவது இவர்கள்தான். அட்டவணை: அதைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து, அந்தப் பெட்டிக்கு "ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ" கொடுங்கள், அட்டவணை மட்டும் நகரட்டும், பக்கம் நிற்கட்டும். யூடியூப் வீடியோ: ஒட்டும் குறியீட்டில் 560, 315 என்று அகல உயரம் எழுதியே வரும், அதற்கு "விட்த்: 100%; ஹைட்: ஆட்டோ; ஆஸ்பெக்ட்-ரேஷியோ: 16/9;" கொடுத்தால் சரி. மூன்றாவது, "விட்த்: 100விடபிள்யூ". விண்டோஸ் கணினியில் வலப்பக்க ஸ்க்ரோல் பட்டை தனியாக இடம் பிடிக்கும்போது, 100விடபிள்யூ அந்தப் பட்டைக்கு அடியில் இருக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணிவிடும். பக்கம் அந்த அளவுக்கு வெளியே தள்ளும். மொபைலில் பட்டை மேலே மிதப்பதால் அங்கே தெரியாது. முழு அகலம் வேண்டுமென்றால் 100% போதும்.

உயரமும் விரலும்

"ஹைட்: 100விஎச்" கொடுத்த முகப்புப் படம் மொபைலில் திரையைவிடக் கொஞ்சம் நீளமாக வந்து, அடியில் இருக்கும் பட்டன் மறைந்துபோகும். விஎச் என்பது திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு. முகவரிப் பட்டை மறைந்த பிறகு கிடைக்கும் பெரிய உயரத்தைத்தான் மொபைல் பிரவுசர்கள் 100விஎச் என்று எடுத்துக்கொள்கின்றன. பட்டை தெரியும்போது உள்ள சிறிய உயரத்துக்கு எஸ்விஎச், மாற மாறக் கூடவே மாறுவதற்கு டிவிஎச் என்று புதிய அலகுகள் 2022இல் பிரவுசர்களுக்கு வந்துவிட்டன. முதல் வரியில் "மின்-ஹைட்: 100விஎச்", அடுத்த வரியில் "மின்-ஹைட்: 100எஸ்விஎச்" என்று எழுதினால் பழைய பிரவுசர் முதலாவதை எடுத்துக்கொள்ளும், புதியது இரண்டாவதை. போனைக் கிடைமட்டமாகத் திருப்பினால் மொத்த உயரமே 360தான் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் 120 பிக்சல் தலைப்பட்டை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

விரலால் தொடும் பொருள்களுக்கு அணுகல் வழிகாட்டி டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 குறைந்தபட்சம் 24 × 24 பிக்சல் கேட்கிறது. ஆப்பிள் 44, ஆண்ட்ராய்டு 48 என்று பரிந்துரைக்கின்றன, அந்தப் பெரிய எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் திறக்கும் மெனு தொடுதிரையில் சரியாகத் திறக்காது, அதைத் தட்டினால் திறக்கும்படி மாற்றுங்கள். படிவப் பெட்டியில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டவுடன் ஐபோன் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும். 16 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சோதிப்பது

குரோமில் எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை அளவை மாற்றிப் பார்க்கும் கருவி வரும். அதில் போன் பெயர்களைத் தேர்ந்து தேர்ந்து பார்ப்பதைவிட "ரெஸ்பான்சிவ்" என்பதை வைத்து ஓரத்தைப் பிடித்து 320இலிருந்து 1400 வரை மெதுவாக இழுங்கள். இரண்டு போன்களுக்கு நடுவே இருக்கும் 500, 700, 850 போன்ற அகலங்களில்தான் பக்கம் அதிகம் உடையும். 320 என்ற எண் சும்மா வரவில்லை. 1280 அகலத் திரையில் ஒருவர் 400% பெரிதாக்கிப் படித்தால் அவருக்குக் கிடைப்பது 320 பிக்சல்தான். அந்த அகலத்தில் பக்கவாட்டு நகர்தல் இல்லாமல் படிக்க முடியவேண்டும் என்று 2018இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 சொல்கிறது.

சோதனைத் தரவாக "தலைப்பு 1", "தலைப்பு 2" என்று போடாதீர்கள். உங்கள் தளத்தில் இதுவரை வந்ததிலேயே நீளமான தலைப்பு, நீளமான ஊர்ப் பெயர், இரண்டு வரி பட்டன், ஒரு படமும் இல்லாத செய்தி ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள்.

கணினிக் கருவி முகவரிப் பட்டை மறைவதையும் விசைப்பலகை எழும்புவதையும் காட்டாது. ஆகவே உண்மையான போனில் ஒருமுறை திறந்தே ஆகவேண்டும். கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், உங்கள் கணினியின் உள்ளக ஐ.பி. எண்ணையும் போர்ட் எண்ணையும் போனின் பிரவுசரில் தட்டச்சு செய்தால் பக்கம் வரும். வராவிட்டால் உங்கள் சர்வர் லோக்கல்ஹோஸ்டுக்கு (கணினி தன்னையே அழைக்கும் முகவரி) மட்டும் பதில் சொல்கிறது என்று பொருள், அதை 0.0.0.0இல், அதாவது கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி மாற்றுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் கணினியின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். பக்கம் திறந்ததும், ஒரு படிவப் பெட்டியைத் தொட்டு விசைப்பலகையை எழுப்புங்கள். அடியில் ஒட்டிய பட்டை எதையாவது மறைக்கிறதா என்று பாருங்கள். போனைத் திருப்புங்கள். பிறகு பிரவுசரின் அணுகல் அமைப்புகளில் எழுத்தளவை உச்சத்துக்கு உயர்த்தி, மெனுவிலிருந்து அடிப்பகுதி வரை முழுப் பக்கத்தையும் இன்னொருமுறை இறக்கிப் பாருங்கள்.